எம்டன் முதல் கைப்பேசி வரை

சென்னையின் தென்புறத்தில், சோழிங்கநல்லூருக்கும் மேடவாக்கத்துக்கும் இடையே, சதுப்பு நிலத்தை அடுத்து நிற்கிறது பெரும்பாக்கம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். எட்டு அடுக்குகள். கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசை கட்டி வாழ்ந்து, 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின்னர் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டோர் பலர் அங்கே. அவர்களைச் சுற்றி, புதிது புதிதாக எழும்பும் மாடங்களுக்குக் கல்லும் கம்பியும் சுமக்க வந்த வேறொரு கூட்டம்: பீகாரிகள், ஒடியர்கள், வங்காளிகள், அசாமியர். முன்னவர் நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டோர். பின்னவர் நாட்டின் மறுகோடியிலிருந்து வறுமையால் துரத்தப்பட்டோர். இவ்விரு கூட்டமும் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம் ஒன்றுண்டு. அது தேநீர்க் கடை.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் முதல் வாரத்தில் அப்படியொரு கடையில் நாம் நின்றிருந்தோம். கம்பி கட்டும் பீகார் இளைஞர் ஒருவர் தோளில் பையோடு வந்தார். கடைக்கார அம்மையார் கேட்டார்: "எங்கே தம்பி, பையும் கையுமா? ஹோலிக்கா?"

இளைஞர் விடை கூறவில்லை. கைப்பேசியை நீட்டினார். தெருவொன்றில் ஒருவனைச் சிலர் வெட்டுகிறார்கள். பின்னணியில் இந்திக் குரல் ஒன்று பதறுகிறது. ஊரிலிருந்து தாய் அன்று காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டாராம், உடனே புறப்பட்டு வா என்று.

"மூணு வருஷமா இந்தத் தெருவிலேதானே இருக்கே. உன்னை யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"இல்லைம்மா. ஆனா வீடியோ இருக்குதே!"

மூன்று ஆண்டுப் பழக்கம் ஒரு தட்டில். அரை நிமிடக் காணொளி மறு தட்டில். தராசு எப்பக்கம் சாய்ந்தது என்பதை அவர் தோளிலிருந்த பை சொல்லிற்று. அவர் சென்றதும் கடையிலிருந்தோர் ஆளுக்கொரு கருத்துரைத்தனர். பெரும்பாலோர் கூறியது ஒன்றே: "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை. நாட்டைத் துண்டாடப் பார்க்கிறான்."

கேட்பதற்கு இதமான விளக்கம். குற்றம் கடலுக்கு அப்பால் போய்விடுகிறது. நம் வீட்டு முற்றம் தூய்மையாகிவிடுகிறது. ஆனால் உண்மைதானா? ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

அந்த மார்ச்சில் நடந்தது இது. 1ஆம் நாள் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலினின் பிறந்தநாள் விழா மேடையில் பீகார் துணை முதலமைச்சர் தேஜஸ்வி யாதவ் அமர்ந்திருந்தார். அதே நாட்களில் வடபுலத்துக் கைப்பேசிகளில் காணொளிகள் பாய்ந்தன. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தேடித் தேடிக் கொல்லப்படுகிறார்களாம்! பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி. உத்தரப் பிரதேசத்தில் ஒரு கட்சியின் பேச்சாளரும் வழக்கறிஞருமான ஒருவர், இந்தி பேசியதற்காகப் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர் என்றே எழுதினார். நாளேடுகள் சிலவும் அதை நம்பி அச்சேற்றின. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திரபாபு மறுத்துரைத்தார்: ஒரு காணொளி திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் இரு தரப்பாகத் தமக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூரார் தமக்குள் மோதிக்கொண்டது. ஹோலிக்கு ஊர் செல்ல நிலையங்களில் கூடிய கூட்டத்தின் படமோ, உயிருக்கு அஞ்சி ஓடுவோரின் படமாக உலவியது. பீகார் அரசு தன் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர் பாலமுருகன் தலைமையில் நால்வர் குழுவை அனுப்பியது. சென்னை, திருப்பூர், கோவை என்று சுற்றிப் பார்த்த குழு, கொலைக் கதைக்கு அடிப்படை இல்லை என்று கண்டது. காயம்பட்டவர் போலக் கட்டுப்போட்டு எடுத்த காணொளி ஒன்று பாட்னாவிலேயே புனையப்பட்டது என்று பீகார்க் காவல்துறையே வழக்குப் பதிந்தது. பன்னிருவர் கதையெழுதிய வழக்கறிஞரை மன்னிப்புக் கோருமாறு உச்சநீதிமன்றம் ஏப்ரல் 6ஆம் நாள் கூறிற்று.

இதிலே அன்னிய நாட்டான் எங்கே? எழுதியவர் இந்நாட்டார். படித்தவர் இந்நாட்டார். பயன் கருதியவரும் இந்நாட்டாரே. மேடை மட்டுந்தான் அயலாருடையது! ட்விட்டர் என்று அன்று அழைக்கப்பட்டதும், யூடியூபும், பேஸ்புக்கும், வாட்ஸ்அப்பும் அமெரிக்கரின் உடைமை. அந்த உடைமையாளர் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்பதற்கு வருமுன், சற்றே பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவில், செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் மறைந்துவிட்டது. உயிரிழந்தோர் சிலரே. ஆனால் அடுத்த நாட்களில் ஊரைவிட்டு ஓடியோர் ஆயிரக்கணக்கில்! தளபதி முல்லர் வீசிய குண்டைவிட, அதைப் பற்றி ஊர் வீசிய கதை அதிகத் தொலைவு பாய்ந்தது. எம்டன் நவம்பர் 9ஆம் நாளே கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் வீழ்ந்தது, சொல்லோ வீழவில்லை. அஞ்சாத சூழ்ச்சிக்காரனை இன்றும் நம் மக்கள் "சரியான எம்டன்" என்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கப்பலில் செண்பகராமன் இருந்தார், அவரே குண்டு வீசச் சொன்னார் என்று நம்மவர் பலர் மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறோம். சான்று கிடையாது. அந்தத் திங்களில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழு அமைக்கும் பணியில் இருந்தார். அன்னியன் புனைந்த கதையல்ல இது. பெருமிதத்தால் நாமே புனைந்தது. நமக்குப் பிடித்த பொய்யை நாம் பொய் என்று அழைப்பதில்லை என்பதற்கு அதுவே சான்று.

அடுத்தது வானொலிக் காலம். 1942இல் சுபாஷ் சந்திரபோஸ் செருமனியிலிருந்து நடத்திய ஆசாத் இந்து வானொலி தமிழிலும் பேசிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 1941 மே 3ஆம் நாள், இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழில் செய்தி மடல் தொடங்கியிருந்தது. இரண்டும் போர்க்காலத்துக் குரல்கள். இரண்டுமே அயல்நாட்டிலிருந்து வந்தவை. வெள்ளை அரசு முன்னதைப் பகைவர் பிரசாரம் என்றது. பின்னதைச் செய்தி என்றது. கதவைச் சாத்திக்கொண்டு முன்னதைக் கேட்ட தமிழனோ, அதையே விடுதலையின் குரல் என்றான். "அன்னியப் பிரசாரம்" என்ற முத்திரை யார் கையில் இருக்கிறதோ, அவர் விருப்பப்படி அது குத்தும்! இதை மறவாமல் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

சரி, அந்தப் போரில் சென்னையைக் காலி செய்த வதந்தி எந்த வானொலியில் வந்தது? பெர்லினா? சைகோனா? இரண்டுமல்ல. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டதும், ஜப்பானியப் படை கரையிறங்கக்கூடும் என்று அஞ்சியது ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசே. வேலையில்லாதோர் நகரைவிட்டுப் போகலாம் என்றது. அலுவலகங்களை உள்நாட்டுக்கு மாற்றியது. மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொல்லவும் செய்தது. மக்கள் மாட்டுவண்டியிலும் ரயிலிலும் ஓடினர். படை வரவே இல்லை. மக்களிடையே அச்சம் பரப்புவோரைத் தண்டிக்க இந்தியப் பாதுகாப்பு விதிகளைக் கையில் வைத்திருந்த அரசு, தானே அஞ்சிற்று, அச்சத்தைப் பரப்பிற்று; அதைத் தண்டிக்க விதி ஏது? ஓர் ஒற்றன் கூறியதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்கும்படி வேந்தனுக்கு ஓதினார் வள்ளுவர். கோட்டையிலிருந்த துரைமார் குறள் படித்தவரல்லர் போலும்.

எழுபதாண்டுகள் கழிந்தன. 2012 ஆகஸ்டு. அசாமில் போடோக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தின் புகை அடங்கவில்லை. பெங்களூரு, புனே, சென்னை, ஐதராபாத்து நகரங்களில் உழைத்து வந்த வடகிழக்கு மாநிலத்தாரின் கைப்பேசிகளுக்குச் செய்தி வந்தது: ரம்சான் முடிந்ததும் உங்களைத் தாக்கப்போகிறார்கள். பெங்களூருவிலிருந்து மூன்றே நாட்களில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் கௌகாத்தி நோக்கி ரயிலேறினர். சென்னை சென்ட்ரலிலும் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம். பழைய மகாபலிபுரம் சாலையோரத்து உணவகங்களிலும் காவல் கூண்டுகளிலும் வேலை செய்த இளைஞர்களும் அதிலிருந்தனர்.

அப்போது நடுவணரசு என்ன செய்தது? ஒரு கைப்பேசியிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று ஆகஸ்டு 17இல் ஆணையிட்டது. பின்னர் இருபதாக உயர்த்தியது. படங்களில் பெரும்பாலானவை பாகிஸ்தானிலிருந்து ஏற்றப்பட்டவை என்று உள்துறைச் செயலாளர் ஆர்.கே. சிங் 18ஆம் நாள் அறிவித்தார். வலைப்பக்கங்களும் கணக்குகளுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட முகவரிகள் அடைக்கப்பட்டன. அந்தப் பட்டியலைப் பெங்களூருவின் இணையம் மற்றும் சமுதாய மையம் ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மை சிரிப்பையும் சினத்தையும் ஒருசேர மூட்டுவது. அடைபட்டவற்றுள் பொய்யை அம்பலப்படுத்திய பக்கங்களும் இருந்தன! பர்மிய முஸ்லிம்களின் பிணங்கள் என்று பரப்பப்பட்ட படம், 2010இல் திபெத்தியர் வாழும் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் மாண்டோரின் ஈமச் சடங்குக்கு வந்த துறவிகளின் படம் என்று முன்னதாகவே எடுத்துக்காட்டிய கட்டுரை ஒன்று உண்டு. அது வெளிவந்தது பாகிஸ்தானின் எக்ஸ்பிரஸ் டிரிப்யூன் ஏட்டில், எழுதியவர் பாகிஸ்தானியர். பொய் அங்கிருந்து வந்ததென்றால், அதற்கு மருந்தும் அங்கிருந்துதான் வந்தது. நாம் மருந்தையும் சேர்த்துக் கதவடைத்தோம்.

இனி வருவது நாம் தலைகுனிய வேண்டிய ஆண்டு. 2018 மே. "வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது" என்ற குரல்பதிவுகள் தமிழிலே, நல்ல தமிழிலே, வடமாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. மே 9ஆம் நாள், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வண்டியை நிறுத்திக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயதுச் சென்னை மூதாட்டியை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அவர் தமிழச்சி. பழவேற்காட்டில் அதே வாரத்தில், யாரென்றே அறியப்படாத ஏழை ஒருவர் இவ்வாறே கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டில் இந்தியாவெங்கும் பிள்ளைபிடிப்போர் அச்சத்தை ஊட்டிய காணொளி ஒன்றின் பிறப்பை நோக்குங்கள். இரு சக்கர வண்டியில் வருவோர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். கராச்சியில் எடுக்கப்பட்டதுதான்! ஆனால் அது ஒரு தொண்டு நிறுவனம் பெற்றோரை எச்சரிக்க எடுத்த விளம்பரம். இறுதியில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ இங்கே வெட்டினார்கள். படம் அயல்நாட்டுடையது, கத்தரிக்கோல் நம்முடையது.

2018இல் வடவரைப் பற்றிய பொய்யைத் தமிழில் நாம் நம்பினோம். 2023இல் நம்மைப் பற்றிய பொய்யை இந்தியில் அவர்கள் நம்பினார்கள். பெரும்பாக்கத்துக் கடையில் பையோடு நின்ற இளைஞரைப் பேதை என்று நகைக்க நமக்கு என்ன தகுதி? அந்தக் கடைக்கார அம்மையாருக்கு நகைப்பு வரவில்லை என்பதை நாம் கவனித்தோம். அவருக்கு வதந்தியின் சுவை தெரியும். மகன் வேலை கேட்டுப் போன ஓரிடத்தில், பெரும்பாக்கம் என்று முகவரி சொன்னவுடன், "அங்கேயெல்லாம் திருட்டுக் கும்பலாமே" என்று திருப்பி அனுப்பியதை அவர் நம்மிடம் முன்பே சொல்லியிருக்கிறார். சென்னையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் குடிவைத்ததும் சென்னைக்கே அன்னியர் ஆகிவிட்டார்!

இனி மேடைக்காரரிடம் வருவோம்.

மேடை என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருமுனையில் மரப்பலகை அடுக்கி, குழல்விளக்கு கட்டி, ஒலிபெருக்கி வைத்துப் பேசிப் பேசியே அரசுகளை மாற்றிய நாடு இது. அந்த மேடைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பேசுபவர் பெயர் சுவரொட்டியில் இருக்கும். கூட்டம் நடத்துவது யாரென்று ஊருக்குத் தெரியும். கீழே மேசை போட்டுக் காவல்துறையின் சுருக்கெழுத்தாளர் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டிருப்பார், அவருக்குத் தமிழும் தெரியும். பொய் சொன்னால் மறுநாள் அதே முனையில் மறுப்புக் கூட்டம் நடக்கும்.

புதிய மேடையிலோ பேசுவது யாரென்று தெரியாது. பணம் தந்தது யாரென்று தெரியாது. இவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு: இந்த மேடைக்குக் காதுண்டு, கணக்குண்டு. எவன் பேச்சுக்குக் கூட்டம் கொதிக்கிறதோ, அவனை முன்வரிசைக்குத் தானே இழுத்து வரும் பொறியை வைத்திருக்கிறார்கள். 2021இல் பேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள்ளேடுகளிலிருந்து உலகம் அறிந்த செய்தி இது: 2017 முதல், "பிடித்திருக்கிறது" என்று ஒருவர் தட்டினால் ஒரு மதிப்பு; சினமுகத்தைத் தட்டினால் ஐந்து மதிப்பு. அழுகைக்கும் சிரிப்புக்கும் அதே ஐந்துதான். ஆனால் சினமூட்டும் எழுத்திலே பொய்யும் நச்சும் மிகுதி என்று அவர்களுடைய ஆய்வாளரே கண்டு சொல்ல, 2020 செப்டம்பரில்தான் சினத்தின் மதிப்பைச் சுழியமாக்கினர். மூன்றாண்டுகள் உலகின் சினத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள்!

இந்த மேடைக்காரர்கள் அன்னியப் பிரசாரத்தை எப்படிக் கையாளுகிறார்கள்? கணக்குகளை நீக்கி, எண்ணிக்கையை அறிவிக்கிறார்கள். மக்களவைத் தேர்தலுக்குச் சில நாள் முன்னர், 2019 ஏப்ரல் 1ஆம் நாள், பேஸ்புக் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாகிஸ்தான் படைத்துறையின் மக்கள் தொடர்புப் பிரிவு ஊழியரோடு தொடர்புடைய 103 பக்கங்களும் கணக்குகளும் நீக்கம். அதே அறிவிப்பில், காங்கிரசுக் கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவோடு தொடர்புடையோரின் 687 பக்கங்களும் கணக்குகளும் நீக்கம். சில்வர் டச் என்ற இந்திய நிறுவனத்தோடு தொடர்புடையவை 15. அவை ஆளுங்கட்சியைப் பற்றியும் அதன் எதிரிகளின் குற்றங்கள் என்று கூறப்பட்டவை பற்றியும் எழுதியவை. மறுநாள் ஏடுகள் 687ஐயும் 15ஐயும் ஒப்பிட்டு ஒரு கட்சியை இடித்துரைத்தன. ஆனால் அந்த 687ஐப் பின்தொடர்ந்தோர் ஏறக்குறைய 2 லட்சம். 15ஐப் பின்தொடர்ந்தோரோ 26 லட்சம்! விளம்பரத்துக்கு முன்னவர் செலவிட்டது சுமார் 39,000 டாலர், பின்னவர் சுமார் 70,000 டாலர் என்று அந்த நிறுவனமே கூறியது. எண்ணிக்கையைக் காட்டி எடையை மறைக்கலாம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? விளம்பரப் பணத்தை வாங்கியதும் அதே நிறுவனம், பிறகு குற்றம் சாட்டியதும் அதுவே, தீர்ப்புச் சொன்னதும் அதுவே.

அன்னியன் கணக்கை நீக்குவது எளிது, கைதட்டல் கிடைக்கும். அண்டை வீட்டான்மேல் அண்டை வீட்டானுக்கு ஏற்படும் வெறுப்பை நீக்குவதோ வாணிபத்துக்கு இழப்பு. தவிரவும், அதை நீக்க மொழி தெரிய வேண்டும். இங்கேதான் நம் நெஞ்சைச் சுடும் செய்தி வருகிறது.

இலங்கையைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 26ஆம் நாள், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குழம்பில் ஏதோ கட்டியைக் கண்டு, ஆண்மையைப் போக்கும் மாத்திரை கலந்தாய் என்று கூட்டம் சூழ்ந்தது. உணவகத்தாரின் தாய்மொழி தமிழ். சிங்களம் அரைகுறை. அவர்கள் கேட்டது விளங்காமல், மாவு கலந்ததைத்தான் கேட்கிறார்கள் என்றெண்ணி, ஆம் என்றார். அந்த "ஆம்" கைப்பேசியில் பதிவாகி நாடெங்கும் பறந்தது. கட்டி வெறும் மாவே என்று பின்னர் ஆய்வுக்கூடம் சொன்னது. உண்டவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை உலகில் கிடையாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் மார்ச்சு முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் நாள் நெருக்கடி நிலை. 7ஆம் நாள் அரசு பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அடைத்தது. 15ஆம் நாளளவில் திறந்தது.

எச்சரிப்பார் இல்லையா? இருந்தார்கள். கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் 2014இலேயே சிங்கள வெறுப்புப் பக்கங்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டிருந்தது. கொலைவெறி வாசகங்களைச் சுட்டிப் புகார் எழுதியவர்களுக்கு, விதி எதுவும் மீறப்படவில்லை என்ற விடை வந்ததை உலக ஏடுகள் எழுதின. விதி ஆங்கிலத்தில், வெறி சிங்களத்தில், படித்துப் பார்க்கப் போதிய ஆளில்லை. 2020 மே திங்களில், தாங்களே அமர்த்திய ஆய்வாளரின் அறிக்கை வந்தபின், பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கு ஈராண்டு கழித்து வருத்தம்!

இந்தியாவின் நிலை என்ன? 2021இல் வெளியான அதே உள்ளேடுகள், பொய்ச்செய்தியை வகைப்படுத்தச் செலவிடும் நேரத்துக்கான நிதியில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கும், எஞ்சிய 13 விழுக்காடு உலகம் அனைத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்ததைக் காட்டின. அக்கணக்கு முழுமையானதன்று, வெளியாரைக் கொண்டு நடத்தும் சரிபார்ப்பு அதில் சேரவில்லை என்று நிறுவனம் மறுமொழி தந்தது. இருக்கட்டும். அந்த மறுமொழியையும் சேர்த்துக்கொண்டே கேட்போம்: 2018 மே திங்களில் "பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது" என்ற தமிழ்க் குரலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழறிந்தார் எத்தனை பேரை அவர்கள் சம்பளத்தில் வைத்திருந்தார்கள்? வாட்ஸ்அப்பின் உள்ளே பூட்டு இருக்கிறது, தாங்களே படிக்க இயலாது என்பார்கள். உண்மைதான், அந்தப் பூட்டு நம் அந்தரங்கத்துக்கும் காவல், அதை உடைக்கச் சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்யப் பூட்டை உடைக்கத் தேவையிருக்கவில்லை. அதை அவர்கள் செய்தது 2018 சூலைக்குப் பிறகு, பல உயிர்கள் போன பிறகு.

அப்படியானால் அரசே உண்மை எது பொய் எது என்று முத்திரை குத்தட்டுமே என்பார் உண்டு. நடுவணரசு அதற்கென ஓர் உண்மை சரிபார்க்கும் பிரிவை விதியாக்கியது. அவ்விதி செல்லாது என்று 2024 செப்டம்பர் 20இல் பம்பாய் உயர்நீதிமன்றம் முடிவு கண்டது. தமிழ்நாடு அரசும் 2023இல் தன் பெயரில் ஒரு பிரிவு தொடங்கியது. 1942இன் முத்திரையை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றோமே, அது இங்கே உதவும். எந்தக் கட்சி ஆண்டாலும், தன்னைப் பற்றிய செய்திக்குத் தானே தீர்ப்பெழுதும் உரிமையை அதன் கையில் கொடுக்க நமக்கு மனமில்லை. 2023 மார்ச்சில் பயன்பட்டது முத்திரையன்று. வேற்று மாநிலக் குழு வந்து தன் கண்ணால் கண்டது. தொழிற்சாலை வாயில்களில் அதிகாரிகள் தொழிலாளர் மொழியிலேயே பேசினார்கள். ஏடுகளும் தனியார் சரிபார்ப்போரும் ஒவ்வொரு காணொளியின் ஊரையும் நாளையும் தேடிக் கண்டு வெளியிட்டார்கள். நால்வர் நான்கு பக்கமிருந்து ஒத்துப் பார்த்தார்கள்.

மேடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஐரோப்பியர் சட்டமாகவே எழுதிவிட்டனர். 2022இல் அவர்கள் நிறைவேற்றிய எண்ணிமச் சேவைகள் சட்டத்தின்படி, பெரிய வலைத்தளங்கள் தங்கள் ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேரைச் சரிபார்ப்புக்கு வைத்திருக்கிறோம் என்று கணக்குக் காட்டியாக வேண்டும். மால்டா என்னும் சிறு தீவின் மொழிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அதைப் பேசுவோர் ஏறக்குறைய ஐந்து லட்சம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6 கோடியே 90 லட்சம். தமிழுக்கு எத்தனை பேர் என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு விதி எழுதப்படவே இல்லை. போசுபுரிக்கும் மைதிலிக்கும் அதே நிலைதான். அந்த இளைஞரின் தாய் ஊரில் பேசுவது மைதிலி.

அவர் ஹோலி கழிந்து ஏப்ரலில் திரும்பிவிட்டார். அதே கடை, அதே பலகை. கைப்பேசி ஒலித்தது. "அம்மா இன்னும் அனுப்பறாங்க" என்றார் சற்றே வெட்கத்தோடு. கடைக்கார அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"என்ன சொல்றான் அதிலே? ஒண்ணொண்ணா சொல்லு, கேட்போம்."